நாலாவது வாரத்துக் கால்வலி: புதிதாக ஓடுகிறவர்களிடம் பார்த்தவை

நாலாவது வாரம் ஒரு தம்பி நொண்டிக்கொண்டு வந்தார். வாரம் 12 கிலோமீட்டர் ஓடியவர், அடுத்த வாரமே 22. "மூச்சே வாங்கலண்ணா, அதான் ஓடிட்டேன்." கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ் (ஓட்டச் சுமையால் வரும் கணைக்கால் வலி), ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். இவருக்கு விரல்நுனி அளவு ஒரே இடத்தில். ஒற்றைக்காலில் ஒரு குதி குதித்ததும் முகம் சுருங்கிவிட்டது. அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம், எலும்பு மருத்துவர் பார்க்க வேண்டிய வலி. ஆரம்ப எக்ஸ்ரேயில் இந்த விரிசல் பல சமயம் தெரியாது. 'நார்மல்' என்றதும் ஷூ மாட்டக் கூடாது.

*

பதிலுக்கு ஒருவர்: ஓடும் தூரத்தை வாரம் 10 சதவீதம்தான் கூட்டணும். மீறினால் இப்படித்தான்.

*

10 சதவீதக்காரருக்கு: 5 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது 500 மீட்டர், 40 ஓடுகிறவருக்கு 4 கிலோமீட்டர். இரண்டும் ஒன்றா? 2008இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் புதியவர்களில் ஒரு பாதி அந்தக் கணக்கில் 13 வாரம், மறு பாதி வழக்கமான 8 வாரத் திட்டத்தில் ஓடினார்கள். இரண்டிலும் காயம் ஐந்தில் ஒருவருக்கு. வாரக் கூட்டலை விடுங்கள், ஒரே நாளில் எவ்வளவு தாவினார் என்று பாருங்கள்.

*

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. 5 நிமிடம் விறுவிறு நடை. பிறகு 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 8 தடவை. ஓடும்போதே முழு வாக்கியம் பேச வர வேண்டும், வராவிட்டால் வேகம் அதிகம். நோகாமல் ஒரு வாரம் போனால் ஓட்டம் 2 நிமிடம். மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். காரணம் இருக்கிறது: புதுச் சுமை விழுந்தால் எலும்பு முதலில் பழையதைக் கரைத்துவிட்டுத்தான் புதிதைக் கட்டும். அந்த இடைவெளி சில வாரம். மூச்சு லேசாகி ஆசை காட்டுவதும் அதே நேரத்தில்தான்! தூரம் ஏறும் வாரத்தில் வேகமும் மேடும் வேண்டாம். படி விளிம்பில் நின்று குதிகால் ஏற்றி இறக்குவது 15 வீதம் 3 சுற்று, ஓடாத நாளில்.

*

திட்டம் சரி, நடையை யார் நடக்கிறார்கள்? ஒருவர் வாட்ச் 'பீப்' அடிக்க அடிக்க ஓடிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது சுற்றில் பாதம் தொப் தொப்பென்று விழ ஆரம்பித்தது. அந்தச் சத்தம் வந்தால் கால் களைத்துவிட்டது. மிச்சச் சுற்றெல்லாம் நடைதான்.