புதுப்பிப்பு: 21ஆம் நாள் இரத்தப் பரிசோதனை

மாதவிடாய் தொடங்கி 21ஆம் நாள் எடுத்த இரத்தத்தில் புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன் குறைவு, முட்டை வெளிவரவில்லை என்று யாழ்ப்பாணத்தில் ஒரு கிளினிக்கில் சொன்னதைப் போன மாதம் எழுதியிருந்தேன். அன்று சுன்னாகம் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது வேறொரு டொக்டரைப் பார்த்தோம். அந்த ஓமோனைச் சுரப்பது, முட்டை வெளிவந்த பின் சூலகத்தில் உருவாகும் மஞ்சட்சடலம். அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 7 நாள் முன்புதான் அந்த ஓமோன் உச்சத்தில் இருக்குமாம். 21 என்பது 28 நாள் மாதவிடாய்ச் சுற்றுக்கான கணக்கு. எனக்கோ 35 நாள். யாரும் அதைக் கேட்கவே இல்லை!

28ஆம் நாள் திரும்பப் பார்த்தோம். முட்டை வெளிவந்திருக்கிறது. தைரொயிட், புரோலக்ரின் (பால் சுரக்க வைக்கும் ஓமோன்) இரண்டும் சரி. சுற்று நீளமான தங்கைமார், இந்தப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும் முன் உங்கள் நாள் கணக்கைக் கட்டாயம் சொல்லுங்கோ. அடுத்த மாதம் எனக்கு ஸ்கான்.