நிறம் மாறிய மென்பவளம்: உங்கள் தொட்டியில் என்ன நடந்தது?

ஈசூன், சிங்கப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் நான்கு வருடமாக மூன்றடி கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். கல்பவளம் ஒன்றும் கிடையாது, முழுக்கக் கல்லான கூடு இல்லாத மென்பவளம். அதில் மூத்தது ஒரு குடைப்பவளம். கடையில் டோட்ஸ்டூல் லெதர் என்பார்கள், சார்கோஃபைட்டன் இனம். வாங்கும்போது கட்டைவிரல் அளவு இருந்தது. இப்போது விரிந்தால் சாப்பாட்டுத் தட்டு அகலம் வரும். நல்ல தேன் நிறத்துப் பழுப்பு.

போன வருடம் ஜூலையில் அது வெளுக்கத் தொடங்கியது. முதலில் குடையின் நடுப்பகுதி, பிறகு விளிம்பு. மூன்று வாரத்தில் மொத்தமும் பழைய தந்தம் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த தங்கை "அண்ணா, இது செத்துப்போச்சா?" என்று கேட்டாள். சாகவில்லை. கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னக் கொழுந்துகள் தினமும் வெளியே வந்துகொண்டுதான் இருந்தன. நிறம் மட்டும் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால் ஒரே வாரத்தில் இரண்டு வேலை செய்திருந்தேன். பழைய டி5 குழல்விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினேன். பாறையில் முடிப்பாசி வளர்ந்திருந்ததால் அதற்கு உரமாகும் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகளையும் ரியாக்டரில் (தண்ணீரைத் துகள் வழியே ஓட்டும் குழாய்) போட்டேன். இரண்டும் நல்ல வேலை என்றுதான் நினைத்தேன். நண்பரிடம் ஒளிமானி கடன் வாங்கி அளந்தபோது, பவளம் இருந்த இடத்தில் பி.ஏ.ஆர் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு) 210 காட்டியது. பழைய விளக்கில் அதே இடம் 80 தான். ஹன்னா செக்கர் என்ற சோதனைக் கருவியில் பாஸ்பேட் 0.00. நைட்ரேட் சோதனையில் குழாயில் நிறமே ஏறவில்லை, அதாவது அதுவும் இல்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் இத்தனை நாள் ரசித்த அந்தத் தேன் நிறம் பவளத்துடையதே அல்ல. அதன் சதைக்குள் குடியிருக்கும் ஸூசாந்தெல்லா என்ற நுண்பாசியின் நிறம் அது. பாசி வெளிச்சத்தில் உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பதிலுக்குப் பவளம் அதற்கு இடமும், தன் கழிவிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் தருகிறது. வெளிச்சம் திடீரென்று இரண்டரை மடங்கு ஏறினால் பாசியின் சமையல் தாறுமாறாகி, நச்சான ஆக்சிஜன் வடிவங்கள் உண்டாகின்றன. பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியை வெளியே தள்ளுகிறது. மிச்சமிருக்கும் பாசி பெருகலாம் என்றால் அதற்குப் பாஸ்பரஸ் வேண்டும். அதையும் நான் கடைசித் துளிவரை உறிஞ்சி எடுத்திருந்தேன்.

சரிசெய்யும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று முடிவு செய்தேன். முதலில் எல்இடியை 35 சதவீதத்துக்கு இறக்கினேன். இரண்டு வாரம் கழித்து ரியாக்டரில் பாதித் துகளை எடுத்தேன், இன்னும் இரண்டு வாரத்தில் மீதியையும். மீன்களுக்குத் தீனி ஒருவேளையிலிருந்து இருவேளை ஆனது. முதல் ஆறு வாரம் பவளத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அந்த ஆறு வாரமும் கையைத் தண்ணீருக்குள் விடாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய கஷ்டம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே வெள்ளை வெளிச்சத்தில், ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து வைத்தேன். நவம்பரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தண்டில் மஞ்சள் ஏறியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். நிறம் போனது, வந்தது, மாறியது எதுவாக இருந்தாலும்.


ஸ்காபரோ, கனடா

தம்பி, எனக்கு நடந்தது இதுக்கு எதிர்மாறு. சிவப்புக் காளான் பவளம் ஒண்டு வாங்கினனான், டிஸ்கோசோமா. கடையில நெருப்புத் துண்டு மாதிரி இருந்தது. வீட்டில கொண்டுவந்து வைச்சால் மண்ணிறம். கடைக்காரர் மாத்தித் தந்திட்டார் எண்டுதான் முதல் நினைச்சன். பிறகுதான் விளங்கினது, கடையில முழுக்க நீல விளக்கு. பவளத்தில இருக்கிற ஒளிர்புரதம் நீலத்தை வாங்கிக்கொண்டு பச்சையாயும் சிவப்பாயும் திருப்பி விடும். நீலத்துக்குக் கீழ மற்ற நிறம் ஒண்டும் போட்டிக்கு இல்லாததால அந்த ஒளிர்வு மட்டும் கண்ணில படும். என்ர வெள்ளை வெளிச்சத்தில அது அமுங்கிப் போச்சு. பவளம் மாறேல்லை, வெளிச்சம்தான் மாறினது. வாங்கப் போறவை கடைக்காரரிட்டக் கேட்டு ஒருக்கா வெள்ளை விளக்கில பாருங்கோ.

ஆனா ஆறு மாதத்தால நீல விளக்கிலயும் மங்கிப் போச்சு. அது உண்மையான மாற்றம். நைட்ரேட் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில 50 பங்கு) தாண்டி இருந்தது, பேஸ்மென்ட் தொட்டி, வெளிச்சமும் குறைவு. வெளிச்சம் காணாட்டி பாசி தன்ர நிறமிகளைக் கூட்டும், சத்து கூடினால் எண்ணிக்கையையும் கூட்டும். சிவப்புக்கு மேல மண்ணிறப் போர்வை போட்ட மாதிரி. கிழமைக்குக் கிழமை தண்ணி மாத்தி 10 பிபிஎம்முக்குக் கொண்டுவந்து, பவளத்தைக் கொஞ்சம் மேல ஏத்தி வைச்சன். திரும்பச் சிவப்பு வர அஞ்சு மாதம் எடுத்தது.

அந்தச் சிவப்பில எனக்குத் தனி மரியாதை இருக்கு. டிஎஸ்ரெட் எண்ட சிவப்பு ஒளிர்புரதத்தை ரஷ்ய ஆய்வாளர்கள் 1999 இல வெளியிட்டது டிஸ்கோசோமாவில இருந்துதான். அதுக்கு அவை கடலுக்குப் போகேல்லை, மாஸ்கோவில மீன்தொட்டியில வளர்ந்த பவளம் கைகுடுத்தது. உயிருள்ள கலத்துக்குள்ள எந்தப் புரதம் எங்க போகுது எண்டு பாக்கிறதுக்கு இண்டைக்கும் உலகம் முழுக்க அந்தக் குடும்பத்துப் புரதங்களைப் பாவிக்கினம். பேஸ்மென்டில இருந்து அதைப் பாக்கேக்க இது எனக்கு ஒவ்வொரு முறையும் ஞாபகம் வரும்.


கிள்ளான், மலேசியா

அண்ணா, உங்களைப் போலவே எனக்கும் குடைப்பவளம்தான், ஆனால் வேறு கதை. ஒருநாள் காலையில் கொழுந்து எதுவும் வெளியே இல்லை. மேலே மெழுகு பூசியது போல் ஒரு படலம், சாம்பல் நிறம். நான்கு நாள் அப்படியே. அழுகிவிட்டது, மற்றதையும் கொல்லும் என்று பயந்து குடையை வெட்டித் தூக்கிப் போட்டுவிட்டேன். பிறகுதான் படித்தேன், பாம்பு சட்டை உரிப்பதுபோல் இந்த இனம் அவ்வப்போது தோலை உரிக்குமாம். மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் அப்படித்தான் கழற்றுகிறது. நீரோட்டம் பட்டால் படலம் தானாகக் கிழிந்து போகும், உள்ளே முன்பைவிடத் தெளிவான நிறம் இருக்கும்.

வெட்டாமல் விட்ட தண்டிலிருந்து மறுபடி குடை வந்தது. போன மாதம் மீண்டும் சட்டை உரித்தது. நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை அதன் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டதோடு சரி. ஏழாம் நாள் விரிந்துவிட்டது. மெழுகுப் படலம் வேறு, அழுகல் வேறு. அழுகினால் சதை கூழாகும், மூக்கைப் பிடிக்கும் வாடை வரும்.


துபாய்

சுருக்கமாகச் சொல்கிறேன். எலுமிச்சை மஞ்சளில் ஒரு லெதர் பவளம் வாங்கினேன். இரண்டு மாதத்தில் மஞ்சள் கரைந்து, வெளிறி, பிறகு பழுப்பானது. சாயம் ஏற்றி விற்றிருக்கிறார்கள். இயற்கையிலேயே மஞ்சளான லெதர் பவளமும் உண்டு, ஃபிஜி மஞ்சள் என்று விற்பது. அதற்கு வெளிச்சம் குறைந்தாலும் மஞ்சள் மங்கும், அதனால் உடனே கடைக்காரர்மேல் பாய வேண்டாம். ஆனால் தண்டு, அடி, வெட்டுவாய் என்று எல்லாம் ஒரே திட்டமான மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள். சாயத்துக்கு அடியில் பாசி இருக்கிறதா, ஏற்கெனவே வெளுத்துவிட்டதா என்று பார்க்க வழியில்லை. அந்த உயிரை அப்படி நடத்தியதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.


ஹரோ, லண்டன்

நிறம் மாறாமலே செத்த கதை என்னுடையது. டென்ட்ரோநெஃப்தியா, கார்னேஷன் பவளம் என்பார்கள். ரோஜாப்பூ இளஞ்சிவப்பு. அதற்குள் பாசியே கிடையாது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை இராப்பகலாகப் பிடித்துத் தின்றுதான் வாழ வேண்டும். அதன் நிறம் சதைக்குள் இருக்கும் சுண்ணாம்பு முட்களில் ஏறியிருக்கிறது. அதனால் பட்டினி கிடந்தாலும் வெளுக்காது.

நானும் அதை நம்பினேன். நிறம் இருக்கிறதே, நன்றாக இருக்கிறது என்று. உண்மையில் உடல் சுருங்கச் சுருங்க முட்கள் நெருங்கிவந்து நிறம் இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. மூன்றாம் மாதம் பாறையில் இளஞ்சிவப்புப் பொடிதான் மிஞ்சியது. வீட்டுத் தொட்டியில் அதற்குப் போதுமான தீனி கொடுக்க என்னால் முடியாது. இனி வாங்கமாட்டேன். கடைகளில் அதைப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து நிறத்தை மட்டும் பார்த்துக் கையை நீட்டாதீர்கள்.


தூத்துக்குடி

நான் தொட்டி வைத்திருப்பவன் இல்லை. எங்க அப்பா சங்கு குளித்தவர். நான் படகில் ஆய்வாளர்களைக் கூட்டிக்கொண்டு வான்தீவுப் பக்கம் போவேன், கூடவே இறங்குவேன். நீங்கள் எல்லோரும் பெட்டிக்குள் பார்த்ததை நான் கடலுக்குள் பார்த்திருக்கிறேன்.

மன்னார் வளைகுடாவில் ஏப்ரல், மே வந்தாலே தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். கச்சான் காற்று அடித்துக் கடலைக் கலக்கினால் கொஞ்சம் குளிரும். காற்று தாமதமாகிற வருடம்தான் பயம். 2010 இல் பவளப்பார் வெளுத்தது, 2016 இல் மறுபடி வெளுத்தது. 2016 இல் நான் இறங்கியபோது தலைக்கு மேல் வெயில், கீழே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வரிசையாகப் பவளம். கல்பவளம் வெள்ளை. பக்கத்தில் தோல்மாதிரி மடிந்துகிடக்கும் மென்பவளம், ஈசூன் அண்ணன் சொன்ன அதே பழைய தந்த நிறம். தொட்டால் உயிர் இருந்தது. அண்ணன் தொட்டியில் வெளிச்சம் செய்ததை இங்கே சூடு செய்திருக்கிறது. கோடையின் வழக்கமான உச்சத்துக்கு மேல் ஒரே ஒரு டிகிரி ஏறி சில வாரம் நின்றால் போதும், பாசி வெளியேறிவிடும்.

இன்னொன்றும் பார்த்தேன். எல்லாம் வெள்ளையாகவில்லை. சிலது வெளிர் ஊதா, சிலது கண்ணைப் பறிக்கிற வெளிர் நீலம். அழகாக இருக்கிறதே என்று மேலே வந்து சொன்னேன். கூட வந்தவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பாசி குறைந்தால் வெள்ளைச் சுண்ணாம்பில் பட்டு வெளிச்சம் உள்ளேயே திரும்பத் திரும்பச் சிதறும். அதைத் தடுக்கப் பவளம் தன் நிறப் புரதங்களை அள்ளி வைக்கும், வெயிலுக்குக் குடை பிடிக்கிற மாதிரி. 2020 இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கி எழுதினார்கள். அந்தக் குடைக்குக் கீழே பாசி திரும்பி வரவும் வழி உண்டு. அதே ஆய்வுக்கூடம்தான், நைட்ரேட் நிறைய இருந்து பாஸ்பேட் இல்லாமல் போனால் பவளம் வெளிச்சத்தையும் சூட்டையும் தாங்காமல் வெளுக்கும் என்று அதற்கு முன்பே காட்டியது. அண்ணன் தொட்டியில் நைட்ரேட்டும் இல்லை, ஆனாலும் பாஸ்பேட்டை 0.00 ஆக்கியதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே தொட்டியில் நிறம் திடீரென்று பளிச்சென்று ஏறினாலும் ஒருமுறை தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

இங்கே இருக்கிற தம்பிமார் பலர் தொட்டி வைக்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்கிறார்கள், கடலில் இருந்து ஒரு துண்டு எடுத்துத் தாங்க என்று. எடுக்கக் கூடாது. 21 தீவும் அதைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. கல்பவளம், கடல்விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பில் இருக்கிறது. சட்டத்தைவிட எனக்குப் பெரியது, 2016 இல் வெளுத்ததில் பல இடங்களில் இன்னும் வெறும் கல்தான் கிடக்கிறது என்பது. அங்கே ஒரு துண்டு என்றால் ஒரு துண்டுதான்.


ஈசூன், சிங்கப்பூர்

தூத்துக்குடித் தம்பி, நீங்கள் எழுதியதை வீட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கடலில் அதற்கு விளக்கைக் குறைக்க யாரும் இல்லை என்று தங்கை சொன்னாள்.

சூட்டைப் பற்றிச் சொன்னதும் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். போன ஜூலையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் பழுதாகி ஒன்பது நாள் மின்விசிறியை மட்டும் வைத்து ஓட்டியிருக்கிறேன். தண்ணீர் 29.5 வரை ஏறியிருக்கிறது. எழுதி வைத்தும் மறந்துவிட்டேன். ஆக, வெளிச்சம், பாஸ்பேட் என்று இரண்டு காரணம் சொன்னேனே, மூன்று. எது எவ்வளவு என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது.

கிள்ளான் தங்கச்சி, நீங்கள் சொன்ன மெழுகுப் படலம் பிப்ரவரியில் இங்கேயும் வந்தது. தொடவில்லை. ஆறாம் நாள் உரிந்தது, அடியில் பழுப்பு முக்கால்வாசி திரும்பியிருந்தது.

இன்று காலை நிலவரம்: 26.4 டிகிரி, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06, பவளத்தின்மேல் பி.ஏ.ஆர் 95. தண்டின் அடியில், பாறையை ஒட்டி, உளுந்து அளவில் ஒரு குட்டிக் குடை முளைத்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்ல தேன் நிறம்.