பார்கோடுக்குள் எஃப்8 இருக்கிறதா, இல்லையா?

மண்டபத்தான்:
ராமேஸ்வரம் பக்கம் ஸ்கேனர் சர்வீஸ் பார்க்கிற ஒருவர் எங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "பார்கோடில் நம்பரும் எழுத்தும்தான் போகும், கீபோர்டு கட்டளை போகாது. சுவரில் ஒட்டியிருக்கிற அட்டை சும்மா." கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. எஃப்8 பட்டனுக்குப் பதிலாக ஸ்கேன் பண்ணுகிற அந்தப் பார்கோடு அட்டையைச் செய்தவன் நான்.

எங்கள் இறால் கம்பெனி பேக்கிங் ரூமில் இருப்பது பழைய கறுப்புத் திரை டெர்மினல். சென்னையில் இருக்கிற சர்வரோடு டெல்நெட் என்ற இணைப்பு முறையில் பேசும். பெட்டி நிறைந்தால் எஃப்8 அமுக்க வேண்டும். இரண்டு கையிலும் ரப்பர் கையுறை, அதன்மேல் ஐஸ் தண்ணீர். ஒரு அக்கா எஃப்8 என்று நினைத்து எஃப்7-ஐ அமுக்கி, மூன்று பெட்டி எடை ஏறாமலே லாரிக்குப் போய்விட்டது. அதற்காகத்தான் அட்டை. ஸ்கேனர் துப்பாக்கியை நீட்டி ஒரு பீப், வேலை முடிந்தது.

கோட் 128 என்ற பார்கோடு வகையில், ஆஸ்கி என்கிற கணினி எழுத்து-எண் பட்டியலின் 128 எழுத்தும் அடங்கும், திரையில் தெரியாத எஸ்கேப் என்ற கண்ட்ரோல் எழுத்து உட்பட. எங்கள் டெர்மினல் பேசுகிற விடி220 முறையில் எஃப்8 என்பது எஸ்கேப்பும் அதன் பின்னால் [19~ என்ற நான்கும். எஸ்கேப் கோட் 128-இன் ஏ பிரிவில் இருக்கிறது, ~ பி பிரிவில் இருக்கிறது. நடுவில் பிரிவு மாற்றும் குறி போட வேண்டும். அது தெரியாமல் இரண்டு நாள் முழித்து, பிறகு கண்டுபிடித்தேன். எஃப்8 பார்கோடுக்குள் இருக்கிறது. அவ்வளவுதான்.

தொண்டிக்கரை:
அண்ணே, உள்ளே ஐந்து எழுத்து என்று நீங்களே சொல்கிறீர்கள். அதில் எஃப்8 எங்கே? எஃப்8-க்கு ஆஸ்கியில் எண்ணே கிடையாது. அந்த ஐந்தையும் கூட்டி எஃப்8 என்று எடுத்துக்கொள்வது உங்கள் சர்வர். எங்கள் இடத்தில் 5250 என்ற வேறு டெர்மினல் முறை. உங்கள் அட்டையை இங்கே நீட்டினால் திரையில் குப்பை விழும். நாங்கள் டெர்மினல் மென்பொருளிலேயே "இந்தக் கோடு வந்தால் எஃப்8 அனுப்பு" என்று எழுதி வைத்திருக்கிறோம். கோடில் இருப்பது வெறும் பெயர். எஃப்8 உள்ளே இல்லை.

மண்டபத்தான்:
5250 கதையை யார் கேட்டது? நான் விடி220 என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். கீபோர்டில் எஃப்8 அமுக்கினாலும் டெர்மினல் இதே ஐந்து எழுத்தைத்தான் அனுப்பும். அப்படியென்றால் கீபோர்டிலும் எஃப்8 இல்லையா? இருக்கிறது, தம்பி. இருக்கிறது.

சாயல்குடி98:
கோட் 39 என்ற இன்னொரு பார்கோடு வகையில் மொத்தமே 43 எழுத்து. அதில் எஸ்கேப் கிடையாது. எல்லா பார்கோடுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதாதீர்கள்.

மண்டபத்தான்:
படித்துவிட்டு வாருங்கள். கோட் 39-இல் இரண்டிரண்டாகச் சேர்த்து ஆஸ்கி முழுவதையும் எழுதலாம். சதவீதக் குறியும் ஏ-வும் சேர்ந்தால் எஸ்கேப். டாலர் குறியும் எம்-மும் சேர்ந்தால் என்டர். ஸ்கேனரில் ஃபுல் ஆஸ்கி ஆன் பண்ணினால் போதும்.

தொண்டிக்கரை:
"ஆன் பண்ணினால்". அதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன். வேலை செய்வது ஸ்கேனர், கோடு இல்லை.

பாம்பன்காரி:
நான் அப்படி ஒரு ரூமில்தான் தினமும் நிற்கிறேன். இதே மாதிரி அட்டை எங்களுக்கும் ஒட்டியிருக்கிறார்கள். மூன்று தடவை நீட்டினால் ஒரு தடவை லாட் ரத்தாகிறது. ரத்தான பிறகு எடை போடுகிற கட்டத்தில் [19~ என்று நிற்கிறது. நான் என்னமோ தப்பாக நீட்டினேன் என்று திட்டு வாங்குகிறேன்.

தொண்டிக்கரை:
அக்கா, தப்பு உங்கள் கையில் இல்லை. எஸ்கேப் முன்னால் தனியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதை உங்கள் மென்பொருள் ரத்து என்று எடுத்துக்கொண்டது. மற்ற நான்கும் பின்னால் வந்து கட்டத்தில் விழுந்தன. மண்டபத்தார் கவனிக்கவும்: உள்ளே எஃப்8 என்று ஒன்று இருந்தால் அது எப்படி இரண்டாக உடையும்?

மண்டபத்தான்:
உடைந்தது கோடு இல்லை. ஸ்கேனரை யுஎஸ்பி கீபோர்டு மாதிரி வைத்து, எழுத்துக்கு எழுத்து தாமதமும் வைத்திருப்பார்கள். அதைப் பூஜ்யமாக்க வேண்டும். எங்கள் ரூமில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், இதுவரை ஒரு லாட்கூட ரத்தாகவில்லை. அட்டை செய்யத் தெரியாதவர் செய்தால் அட்டை மேல் பழி போடுவதா? அந்த அக்காவைத் திட்டிய சூப்பர்வைசரைச் சொல்ல வேண்டும்.

சாயல்குடி98:
சரி, கட்டளை போகும் என்றே வைத்துக்கொள்வோம். அது நல்லதா? 2015-இல் டோக்கியோவில் நடந்த பாக்செக் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் டென்சென்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் செய்து காட்டினார். கோட் 128-இல் கண்ட்ரோல் எழுத்தை வைத்து, வெறும் காகிதத்தைக் காட்டியே கணினியைத் தன் வசப்படுத்தலாம். நாளைக்கு எவனாவது உங்கள் பெட்டி மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால்?

மண்டபத்தான்:
பார்த்தீர்களா! டோக்கியோவிலேயே காட்டிவிட்டார்கள். தொண்டிக்கு மட்டும் இன்னும் செய்தி வரவில்லை.

தொண்டிக்கரை:
அவர் காட்டியது கண்ட்ரோல் எழுத்து. எஃப்8 இல்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

மண்டபத்தான்:
எனக்குப் படிக்கத் தெரியாதா? போன தடைக்காலத்தில், ஏப்ரல் 15-இல் படகெல்லாம் கரை ஏறிய வாரத்தில், உங்கள் ஸ்கேனர் சார்ஜ் ஏறவில்லை என்று என்னிடம் வந்து நின்றது யார்? ஸ்கேனரைச் சார்ஜ் ஏற்றுகிற கிரேடிலைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். 61 நாள் தடை முடிந்து விசைப்படகு கடலுக்குப் போய், இறாலும் வந்து இறங்கியாயிற்று. கிரேடில் வரவில்லை.

தொண்டிக்கரை:
பையனிடம் கொடுத்து அனுப்பினேன். உங்கள் வாசலில் யார் வாங்கினார் என்று விசாரியுங்கள். அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

கீழக்கரை_லேபிள்:
எஃப்8 உள்ளே இருக்கட்டும், வெளியே இருக்கட்டும். பளபள லேமினேஷன் போட்டால் டியூப்லைட் வெளிச்சம் பட்டு ஸ்கேனர் படிக்கவே படிக்காது. மங்கலான ஷீட் போடுங்கள்.

மண்டபத்தான்:
மங்கல் ஷீட்தான் போட்டிருக்கிறேன். லேபிள் வியாபாரத்தை வேறு இடத்தில் பாருங்கள்.

கீழக்கரை_லேபிள்:
நல்லதுக்குச் சொன்னால் இப்படித்தான். போன மாதம் விலை கேட்டபோது மட்டும் "அண்ணே அண்ணே" என்று பேசினீர்கள்.

பாம்பன்காரி:
அந்தத் தாமதத்தை எங்கே போய்ப் பூஜ்யமாக்குவது? நாளைக் காலை 6 மணிக்கு ஷிஃப்ட். மறுபடி ரத்தானால் எனக்குத்தான் பேச்சு.

மண்டபத்தான்:
ஸ்கேனரோடு வந்த புத்தகத்தில் கீபோர்டு தாமதம் என்று ஒரு பக்கம் இருக்கும். "தாமதம் இல்லை" என்ற கோடை ஒரு தடவை நீட்டுங்கள், போதும். அதற்குப் பிறகும் உடைந்தால் மாடலை எழுதுங்கள், நான் பார்க்கிறேன். மற்றவர்களும் கவனியுங்கள்: ஸ்கேனரையே மாற்றுகிற கட்டளை ஒரு பார்கோடில் போகிறது. எஃப்8 மட்டும் போகாதாம்.

தொண்டிக்கரை:
அது ஸ்கேனருக்குப் போகிற கட்டளை. டெர்மினலுக்கு இல்லை. எஃப்8 உள்ளே இல்லை.

மண்டபத்தான்:
இருக்கிறது. கிரேடிலும் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது.