அம்மா போடும் சத்து மாத்திரை தாய்ப்பாலில் சேருமா?

நிலாவின் அம்மா:
குழந்தைக்கு மூன்று மாதம், தாய்ப்பால் மட்டும்தான். சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரையும் கால்சியமும் தருகிறார்கள். நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள் என்பதால் டாக்டர் பி காம்ப்ளெக்ஸும் எழுதினார். அதிலிருந்து சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறது, பீய்ச்சிய பாலிலும் லேசாக மஞ்சள் தெரிகிறது. "பச்சை உடம்புக்காரி இத்தனை மாத்திரை விழுங்கினால் பிள்ளைக்கு வயிறு கெடும்" என்கிறார் மாமியார். நிறுத்திவிடட்டுமா?

தேன்மொழி, செவிலியர்:
நிறுத்தாதீர்கள் தங்கச்சி. அந்த மஞ்சள் பி காம்ப்ளெக்ஸில் இருக்கும் பி2 வைட்டமினின் நிறம், கெடுதல் இல்லை.

இரும்பும் கால்சியமும் உங்கள் உடம்புக்காகத் தருவது. எவ்வளவு போட்டாலும் பாலில் இரும்பு அதிகமாகாது. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளை தன் ஈரலில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்பே ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். பிரசவத்துக்குப் பின் 180 நாள் போடச் சொல்வது உங்கள் ரத்தம் தேற.

வைட்டமின் பி12 கதையே வேறு. முட்டை, கறி சாப்பிடாதவர்களுக்கு அது குறைவாக இருக்கலாம். உங்களிடம் குறைந்தால் பாலிலும் குறையும். வார்டில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்: கொழுகொழுவென்று இருக்கும், ஆனால் முகம் பார்த்துச் சிரிக்காது, விரல் மூட்டுகள் கறுத்திருக்கும், சிலதுக்குக் கை நடுங்கும். அம்மாவுக்கோ ஒரு குறையும் தெரியாது. பால், தயிர் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ரத்தத்தில் பி12 அளவு பார்த்துவிடுங்கள், ஊசியோ மாத்திரையோ டாக்டர் சொல்வார்.

கோவை அம்மு:
என் கால்சியம் அட்டையில் வைட்டமின் டி3 என்றும் போட்டிருக்கிறது. அப்போ குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து வேண்டாமா அக்கா?

தேன்மொழி, செவிலியர்:
கட்டாயம் வேண்டும். அரசு தரும் மாத்திரையில் 250 யூனிட்தான் டி3. ரெண்டு வேளை போட்டாலும் பாலில் பேருக்குத்தான் வரும். அம்மா மூலமாகவே கொடுப்பதென்றால் தினம் 6,400 யூனிட் தேவைப்பட்டது என்று 2015-இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அதை நாமாகச் செய்யக் கூடாது. பிள்ளைக்குத் தினம் 400 யூனிட் சொட்டு, ஒரு வயது வரை. பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும், எத்தனை மில்லி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலாவின் அம்மா:
நன்றி அக்கா. நிலா நன்றாகச் சிரிக்கிறாள். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகவே போடுகிறேன், பரவாயில்லையா?

தேன்மொழி, செவிலியர்:
வேண்டாம், கால்சியம் இரும்பை உடம்பில் சேர விடாது. ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்போடு காபி, டீயும் கூடாது. அப்புறம், பி காம்ப்ளெக்ஸ் அட்டையின் பின்பக்கம் கோபாலமின் என்று முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள், அதுதான் பி12. சில மாத்திரைகளில் பி12 கிடையாது.