எந்தச் சாம்பல்? (குடும்பக் குழு)

கவிதா: அக்ரீயபிள் கிரே 7029, ரிப்போஸ் கிரே 7015. ரெண்டு பெயின்ட் கார்டும் ஒண்ணாத்தான் தெரியுது. படுக்கையறைச் சுவருக்கு எது?

செல்வம்: ஷெர்வின் வில்லியம்ஸ் கம்பெனி ஷேடு தானேம்மா? வெள்ளைத் தாள் மேல ரெண்டையும் ஒட்டி வெச்சுப் பாரு. 7029ல பழுப்பு எட்டிப் பார்க்கும். 7015 கொஞ்சம் குளிர்ச்சி, லேசா ஊதா ஓடும்.

கவிதா: எது வெளிச்சம் சித்தப்பா?

செல்வம்: எல்.ஆர்.வி. 7029க்கு 60, 7015க்கு 58. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி விடுதுன்னு 0லேருந்து 100 வரைக்கும் கணக்கு. 2 புள்ளி கண்ணுக்குப் பிடிபடாது. அடியில ஓடுற நிறம்தான் காட்டிக்கொடுக்கும்.

ராஜி: ஜன்னல்ல நேர் வெயில் உண்டா?

கவிதா: இல்ல அத்தை, நாள் பூரா நிழல்.

ராஜி: அப்ப 7015 இன்னும் நீலம் தட்டும். நிழல் வெளிச்சத்துலயே நீலம் கூட. சாயங்கால வெயில் கொட்டுற அறைன்னா கதை வேற, அங்க 7029தான் மஞ்சளிக்கும்.

தினேஷ்: அக்கா, பல்பு என்ன? 6500 கெல்வின், அதாவது நீல வெள்ளை வெளிச்சம்னா 7029ம் வெளிறிடும். மஞ்சள் வெளிச்சம் தர்ற 3000 போடு. நிறத்தை எவ்வளவு சரியாக் காட்டுதுங்கிற சி.ஆர்.ஐ. அளவு 90க்குக் குறையாம பாரு. பெயின்ட்டைக் குறை சொல்றவங்க பாதிப் பேருக்கு பல்புதான் பிரச்சினை.

கவிதா: சுவத்துலயே ஒரு பட்டை அடிச்சுப் பார்க்கவா? இப்ப மஞ்சள்.

செல்வம்: வேண்டவே வேண்டாம். மஞ்சள் பக்கத்துல எந்தச் சாம்பலும் ஊதாவாத்தான் தெரியும். 2 அடிக்கு 2 அடி வெள்ளை அட்டை எடு. ஓரத்துல 2 அங்குலம் விட்டுட்டு ரெண்டு கோட் அடி. ஈரத்துல வெளிறித் தெரியும், காய்ஞ்சா கருக்கும். மறுநாள்தான் பார்க்கணும். படுக்கப் போடாம சுவத்துல சாய்ச்சு வை. ஜன்னல் பக்கம், எதிர்ப்பக்கம், இருட்டு மூலை. காலை, மதியம், ராத்திரி விளக்குல.

கவிதா: அறை 12க்கு 10, உயரம் 10 அடி. எத்தனை லிட்டர்?

தினேஷ்: சுவர் 440 சதுர அடி. கதவு ஜன்னல் போக 400. ரெண்டு கோட்டுக்கு 800. வழவழப்பான சுவர்னா லிட்டருக்கு 100 வரும், ஆக 8 லிட்டர். மஞ்சள் மேலங்கிறதால பிரைமர் தனி. எல்லா டப்பாவையும் ஒரே பெரிய வாளில கொட்டிக் கலக்கு. இல்லைன்னா டப்பா மாறுற இடத்துல சுவர் நடுவுல கோடு விழும்.

ராஜி: மேட் ஃபினிஷ் வாங்கு. பளபளப்பு கூடினா பட்டி பார்த்த இடமெல்லாம் தெரியும். கதவு நிலை வெள்ளையா, க்ரீமா?

கவிதா: க்ரீம்.

ராஜி: 7015 பக்கத்துல க்ரீம் அழுக்குப் பிடிச்ச மாதிரி நிக்கும்.

கவிதா: அப்ப 7029க்கு மட்டும் அட்டை போடுறேன்.

செல்வம்: ரெண்டுக்கும் போடு. 7029ல பழுப்பு எவ்வளவுன்னு 7015 பக்கத்துல இருந்தாத்தான் தெரியும்.