மீட்டர் 12 காட்டும், லைட் எரியாது

ஹெட்லைட் மங்கினால் எல்லாரும் முதலில் பல்பைத்தான் மாற்றுகிறோம். என் பைக்கில் புதுப் பல்பு போட்டும் அதே மங்கல். ஆனால் ஒரு துப்பு கண்ணில் பட்டது. லோபீம் போட்டால் ஹைபீமுக்கான நீல விளக்கும் ஸ்பீடோமீட்டரில் லேசாக எரிந்தது. லோபீமும் ஹைபீமும் ஒரே பல்பில் இருக்கும் ஹெச்4 வகையில் இரண்டு ஃபிலமென்டுக்கும் எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, ஒன்றுதான். அந்த எர்த் சரியில்லை என்றால், லோபீமுக்கு வந்த கரண்டில் கொஞ்சம் ஹைபீம் ஃபிலமென்ட் வழியாகப் புகுந்து, நீல விளக்கு வழியாக எர்த்தைத் தேடிப் போகும். பழைய பல்பு வகை இன்டிகேட்டரில் இது நன்றாகத் தெரியும்.

பல்பைக் கழற்றிவிட்டு, அது மாட்டும் கப்ளரில் (வயர்முனைச் சொருகியில்) மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் அழகாகக் காட்டியது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. பச்சை பூத்த இணைப்பு அதைத் தாராளமாக விட்டுவிடும். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் கேட்கும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும். அதனால் பல்பை மாட்டி, லைட்டை எரியவிட்டு அளக்க வேண்டும். மீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையைக் கப்ளரின் பின்பக்கமாக எர்த் பின்னில் தொட்டுப் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு எர்த்தில்தான். என் வண்டியில் 4 வோல்ட் காட்டியது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஃப்ரேமில் முடுக்கியிருந்த எர்த் வளையத்தின் அடியில் பெயின்ட், அதன் மேல் பச்சைப் பூப்பு. சுரண்டி, உப்புத்தாள் போட்டு, கிரீஸ் தடவி முடுக்கினேன். பழைய பல்பையே திரும்ப மாட்டினேன், பளிச்சென்று எரிந்தது.

*

நல்ல பதிவு நண்பரே. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பல பழைய மாடல்களில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடாது, எஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ஸ்டேட்டர் காயிலிலிருந்து நேராக ஏசி வரும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வெளிச்சம் ஏறும், விட்டால் இறங்கும். அந்த வண்டியில் டிசி அளவு சரிப்படாது, மீட்டரை ஏசிக்கு மாற்றுங்கள். என் நண்பர் அந்த ஹெட்லைட் லைனிலேயே எல்இடி ஃபாக் லைட்டைக் கோத்துவிட்டு, ஏன் துடிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேட்டரியிலிருந்து தனி லைன் இழுத்ததும் துடிப்பு நின்றது.

*

என் கதை ஃபியூஸ். என் பைக்கில் கூடுதலாகப் போட்டது 20 வாட் எல்இடி லைட் இரண்டு, சேர்த்தே மூன்றரை ஆம்பியர் வராது. 5 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். ஆனாலும் அவ்வப்போது போய்க்கொண்டே இருந்தது. 15 போடு, நிற்கும் என்று ஒருவர் யோசனை சொன்னார். நிற்கும்தான், வயர் உருகும்வரை!

செய்தது இதுதான். இரண்டு லைட்டின் கப்ளரையும் பிரித்துவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை வயர் வைத்து மாட்டினேன். சுவிட்ச் ஆன். லைட்டுகள் இணைப்பில் இல்லாததால் அந்தப் பல்பு எரியவே கூடாது. எரிந்தால் எங்கோ ஷார்ட். நேராக நிற்கையில் எரியவில்லை. ஹேண்டில்பாரை முழுக்க இடதுபக்கம் ஒடித்ததும் பல்பு ஜொலித்தது! டேங்கைக் கழற்றிப் பார்த்தால், ஸ்டீயரிங் கழுத்தில் வயர் உரசி உரசித் தோல் போய், செம்பு ஃப்ரேமைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெட்டிச் சேர்த்து, ஸ்லீவ் போட்டு, ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் திரும்ப இடம் விட்டுக் கட்டினேன். கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டினால் மறுபடி அதே கதைதான்.

அப்புறம், ரிலே (சுவிட்சின் சின்னக் கரண்டைக் கொண்டு லைட்டின் பெரிய கரண்டை இணைக்கும் பெட்டி) ‘டிக்’ என்கிறது, லைட் எரியவில்லை என்று கேட்பவர்களுக்கு: சத்தம் வந்தால் சுவிட்ச் பக்கம் சரி என்று வைத்துக்கொள்ளலாம். ரிலேயைப் பிடுங்கி, சாக்கெட்டில் 30 (பேட்டரி கரண்ட் வரும் பின்), 87 (லைட்டுக்குப் போகும் பின்) இரண்டையும் ஒரு வயரால் இணைத்துப் பாருங்கள். எரிந்தால் ரிலே உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டது, புதிது வாங்குங்கள். எரியாவிட்டால் 30இல் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், மேலே முதல் நண்பர் சொன்ன எர்த் சோதனைதான் அடுத்தது.