பழைய பித்தளையையும் செம்பையும் பிரித்து விற்பது உழைப்புக்கு ஈடாகுமா?

பிளம்பிங் வேலை செய்யும் நண்பர்களுக்கு வணக்கம். வேலைகளில் கழற்றிப் போடும் பழைய உலோகத்தைச் சேர்த்து வைத்து, தரம் பிரித்து விற்பது அதற்குச் செலவாகும் நேரத்துக்கு ஈடாகுமா என்பதில் உங்கள் கருத்து தேவைப்படுகிறது.

ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், எனக்குக் குழப்பமில்லை. எடை அதிகம், விலை குறைவு, இடத்தையும் அடைத்துக்கொள்ளும் என்பதால் வந்த விலைக்குப் போட்டுவிடுகிறேன். செம்புக் குழாயும் எளிதுதான்: பற்றவைத்த இணைப்புகளை வெட்டித் தனியே போட்டால், மீதமுள்ள சுத்தமான துண்டுகளுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது.

சிக்கலெல்லாம் டேப்புகளிலும் வால்வுகளிலும்தான். மேலே குரோமியம் பூசியிருப்பதால் எது பித்தளை, எது துத்தநாகக் கலவை என்று பார்த்தவுடன் தெரிவதில்லை. இரண்டுமே காந்தத்தில் ஒட்டாதவை என்பதால், அரத்தால் ஓரிடத்தில் ஆழமாகத் தேய்த்து, உள்ளே மஞ்சள் தெரிகிறதா வெளிர்சாம்பல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பிறகு ரப்பர் வாஷர், பிளாஸ்டிக் கைப்பிடி, இரும்புத் திருகு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். உப்புப் படிந்து இறுகிப்போன ஒரு கேட் வால்வைப் பிரிப்பதற்குள் அடுத்த வேலையையே தொடங்கிவிடலாம்.

நீங்கள் முழுவதும் பிரித்துக் கொடுக்கிறீர்களா, கலப்புப் பித்தளையாக அப்படியே எடைக்குப் போடுகிறீர்களா? அந்த விலை வேறுபாட்டை உங்கள் ஒரு மணி நேரக் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பழைய பொருளை எடுத்துக்கொள்வது பற்றி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்கிறீர்களா, அதன் மதிப்பைக் கூலியில் கழிக்கிறீர்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.